பாஸ்வேர்டுக்கு எத்தனை நாள் ஆயுள்?

வீட்டுப் பூட்டை எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாற்றுவீர்கள்?

"இதென்ன அசட்டுக் கேள்வி! பூட்டு நன்றாக இருக்கும்போது எதற்காக மாற்றவேண்டும்?" என்றுதானே கேட்கிறீர்கள்? வாஸ்தவம். சாவி தொலைந்தால் மாற்றுவோம். குடித்தனக்காரர் காலி செய்துகொண்டு போனால் மாற்றுவோம். அமாவாசைக்கு அமாவாசை புதுப் பூட்டு வாங்குகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். "உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. உடனே புதிது வைக்கவும்" என்று ஒரு நாள் காலையில் அது முகத்திலடித்தாற்போல் சொல்லும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். பையனுக்கு ஸ்கூல் பஸ் வந்து நிற்கும். நாம் அவசரத்தில் பழைய பாஸ்வேர்டின் வாலில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். 'அப்பாடா, பத்திரமாயிற்று' என்று ஒரு திருப்தி வேறு!

அந்த வாலில் ஓர் அம்மாளின் மானமே தொங்கிக்கொண்டிருந்த கதையை இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

போன ஆனி மாதக் கடைசியில் தர்மபுரிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாம்பழக் காலம். நாலு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாசனை வரவேற்றது. வீட்டிலும் கூடத்து மூலையில் வைக்கோல் பரப்பிப் பழம் அடுக்கியிருந்தது. ஆனால் தங்கை மகளின் முகத்தில்தான் களை இல்லை. "பெரியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, பையை வாங்கி வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி சமாசாரம்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"ஆபீஸ் விவகாரம் அக்கா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயே கேட்டுப் பார்" என்றாள் அவள்.

பெண்ணுக்கு ஊரிலேயே ஒரு காரியாலயத்தில் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் வேலை. எந்தக் காரியாலயம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஜனங்கள் வந்து பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு அவள் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கத் தொடங்கியது அல்லவா? அப்போது அவள் தர்மபுரியில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு கூடவே 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொன்றும் இருந்தது. சென்னை ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட நம் நாட்டுச் சரக்கு. கூடப் படித்த பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவள் மட்டும் அதைத் திறந்து நோண்டிக்கொண்டே இருந்தாள். அந்த நோண்டல்தான் பின்னால் சோறு போட்டது.

மாடிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவளே ஆரம்பித்தாள்.

"ஒரு அக்காவைத் திருடி என்று மூன்று நாள் பேச வைத்துவிட்டேன் பெரியம்மா."

"நீயா? நீ என்ன செய்தாய்?"

"நான் போட்ட முப்பது நாள் கெடுதான் செய்தது."

விஷயம் இதுதான். கவுண்டரில் உட்காரும் ஓர் அம்மாள். பதினைந்து வருஷ சர்வீஸ்; ஒரு ரூபாய் முன்னே பின்னே போனதில்லை. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த அம்மாளின் பெயரில் மூன்று ரசீதுகள் ரத்தாகியிருக்கின்றன. திங்கட்கிழமை கணக்குப் பார்த்தால் பதினெட்டாயிரத்துச் சொச்சம் குறைகிறது. மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "உங்கள் பெயர். உங்கள் பாஸ்வேர்டு. ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்காமல் முதல் தடவையிலேயே உள்ளே போயிருக்கிறது. வேறு யாரம்மா செய்திருக்க முடியும்?"

அந்த அம்மாள் என்ன பதில் சொல்வாள்? "நான் இல்லை சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் அன்று மத்தியானம் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. அவ்வளவு போதாதா ஒரு மனுஷிக்கு?

இந்த இடத்தில், அந்தக் காரியாலயத்துக் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொன்னால்தான் மேலே கதை ஓடும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

'யூனிக்ஸ்' என்பது 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர் தொடங்கிய ஏற்பாடு. லினக்ஸ் அதே அச்சில் 1991-இல் பிறந்த தம்பி. பெரிய காரியாலயங்களின் மூலக் கம்ப்யூட்டர்களில் ஏராளமானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

"யூனிக்ஸ் என்றால் ஒண்டுக்குடித்தன வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா" என்றாள் பெண். "ஒரே வீடு, ஒரே கிணறு, ஆனால் ஆளுக்கு ஒரு போர்ஷன், ஆளுக்கு ஒரு சாவி. வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு 'ரூட்' என்று பெயர். எந்தக் கதவையும் அவர் திறக்கலாம், எந்தப் பூட்டையும் மாற்றலாம். எங்கள் ஆபீஸில் அந்தச் சாவிக்கொத்து என்னிடம்."

அந்த வீட்டுக்காரரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதாம். 'ஷாடோ', அதாவது நிழல் என்று பெயர். குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. அந்த வரியைக் கம்ப்யூட்டர் போட்ட ஜாதகம் என்றே சொல்லலாம். பெயர்; உருத்தெரியாமல் அரைத்து வைத்த பாஸ்வேர்டு; கடைசியாக அதை மாற்றிய நாள்; குறைந்தபட்சம் எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும்; அதிகபட்சம் எத்தனை நாள்; கெடு முடிய எத்தனை நாள் முன்னதாக எச்சரிக்கவேண்டும்; கெடு முடிந்த பிறகு எத்தனை நாள் பொறுப்பது; குடித்தனமே முடிகிற தேதி என்ன என்று வரிசையாக எழுதியிருக்கும்.

நாளை அது எண்ணுகிற விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நம் பஞ்சாங்கக்காரர்கள் கலி பிறந்த நாள் முதல் எண்ணிக்கொண்டு வருவதில்லையா? யூனிக்ஸுக்குக் கலி பிறந்தது 1970 ஜனவரி 1. அன்றிலிருந்து இருபதாயிரமாவது நாள் 2024 அக்டோபர் 4 அன்று வந்தது. நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. யூனிக்ஸ் பஞ்சாங்கத்தைவிட நம் மாவட்டத்துக்கு வயது அதிகம்!

ஜாதகத்தைத் திருத்துவதற்கு ஒரு கட்டளை உண்டு. 'சேஞ்ச் ஏஜ்', அதாவது வயதை மாற்று என்ற இரண்டு சொற்களை நெருக்கி 'சேஜ்' என்று வைத்திருக்கிறார்கள். அதோடு சின்ன 'எல்' போட்டு ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவர் ஜாதகத்தை வாசித்துக் காட்டும். பெரிய 'எம்' போட்டால் அதிகபட்ச நாள், சின்ன 'எம்' போட்டால் குறைந்தபட்ச நாள், 'டபிள்யூ' எச்சரிக்கைக்கு, 'ஐ' பொறுமைக்கு, 'ஈ' குடித்தனம் முடியும் தேதிக்கு. இப்படி ஓர் எழுத்தில் ஓர் ஆயுள்!

லினக்ஸை வாங்கி அப்படியே வைத்தால் அதிகபட்ச நாள் என்ற இடத்தில் வழக்கமாக 99999 என்று இருக்குமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 273 வருஷத்துக்கு மேல். அதாவது, பாஸ்வேர்டுக்கு நடைமுறையில் காலாவதியே கிடையாது.

"மேலே இருந்து உத்தரவு வந்தது பெரியம்மா. மாதா மாதம் எல்லோரும் மாற்றியே தீரவேண்டும் என்று. நான் 'லாகின் டெஃப்ஸ்' என்ற பொது ஏட்டில் முப்பது என்று எழுதினேன். அது புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத்தான் செல்லும். ஏற்கெனவே இருக்கிறவர்கள் ஜாதகத்தைத் தொடாது. எனக்கு அது தெரியும். அதனால் ஒவ்வொரு பெயராகச் 'சேஜ்' கட்டளை கொடுத்து எல்லோருக்கும் முப்பது போட்டேன். ரொம்பச் சிரத்தையாகச் செய்தேன். அதுதான் வேடிக்கை."

அந்தச் சிரத்தையின் பலன் என்ன தெரியுமா? முதல் மாதம் எல்லோரும் முனகினார்கள். சிலர் மகா கெட்டிக்காரத்தனமாக, ஒரே நாளில் ஐந்தாறு தடவை மாற்றிச் சுற்றிக்கொண்டு பழையதற்கே வந்து சேர்ந்தார்கள். அதைத் தடுக்கக் குறைந்தபட்சம் ஏழு நாள் என்று போட்டாள். இரண்டாம் மாதம் கவுண்டர்களில் புது வழக்கம் முளைத்தது. காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒருவர் பாஸ்வேர்டு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னொருவருடையது. நம் கதாநாயகி அம்மாள் மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை. குலதெய்வத்து ஊர்ப் பெயரை எழுதி, பின்னால் மாதத்தின் எண்ணைச் சேர்த்துவிட்டாள். ஜனவரி என்றால் 01, பிப்ரவரிக்கு 02. மறக்கவே மறக்காது!

ஜனவரியில் ஒரு நாள் அவள் லீவில் இருந்தபோது, அவசரமாக ஒரு ரசீது பார்க்கவேண்டும் என்று கூட வேலை பார்த்த ஒருவன் போன் செய்து பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறான். நம்பிச் சொல்லிவிட்டாள். மறுமாதம் மாற்றியும்விட்டாள். பிப்ரவரியில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஆனால் சிநேகிதர்களைப் பார்க்கிற சாக்கில் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தான்.

ஜூனில் அவனுக்கு என்ன பணமுடையோ, பின் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊர்ப் பெயரை அடித்தான். பின்னால் 06 என்று சேர்த்தான். கதவு திறந்துகொண்டது.

ஐந்து மாதம் முன்பு கேட்ட பாஸ்வேர்டு. இடையில் ஐந்து தடவை 'மாற்றிய' பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரைக் கேட்டால், "05 வேறு, 06 வேறு, ஆகவே இது புத்தம் புதியது" என்று சத்தியம் செய்யும். திருட வந்தவனுக்குத் தெரியும், இரண்டும் ஒன்றுதான் என்று.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்கிறீர்களா? யூனிக்ஸ் வீட்டில் வாசல் வாட்ச்மேன் ஒருவர் உண்டு. 'லாஸ்ட்' என்று கூப்பிட்டால் யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று ஒப்பிப்பார். அந்தச் சனிக்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த அம்மாளின் பெயரில் உள்ளே வந்தது அவளுடைய கவுண்டரிலிருந்து அல்ல, பின் அறையிலிருந்து. அந்த நேரத்தில் அவளோ மகனைப் பார்க்கச் சேலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் பஸ் டிக்கெட் கசங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகு பின் அறைக்கு வந்து போனது யார் என்று விசாரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவனைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒப்புக்கொண்டான். பணமும் வந்துவிட்டது.

"எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன் பெரியம்மா. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். 'மூன்று நாள் நான் திருடியாக இருந்தேனே கண்ணு, அந்த மூன்று நாளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?' என்று கேட்டார்கள்."

எனக்கும் பதில் தெரியவில்லை. கீழே தங்கை மாம்பழம் நறுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

'மாற்று, மாற்று' என்று சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் முட்டாள்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அந்த யோசனைக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஜாதக நோட்டில் பாஸ்வேர்டு அரைத்த மாவாக இருக்கிறது என்றேன் அல்லவா? மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் ஒவ்வோர் அரிசியாக அரைத்துப் பார்த்து, இந்த மாவு வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அதற்கு மாதக்கணக்கில் ஆகும். திருடன் கண்டுபிடிப்பதற்குள் நாம் மாற்றிவிட்டால் அவன் பாடு வீண். இதுதான் கணக்கு.

கென் தாம்ப்ஸனுடைய பழைய பாஸ்வேர்டே இதற்கு நல்ல உதாரணம். பழைய யூனிக்ஸ் ஏடுகளில் அரைத்த நிலையில் அது அகப்பட்டது. பல பேர் முயன்று தோற்றார்கள். 2019-இல் ஒருவர் நாலு நாளுக்கு மேல் கம்ப்யூட்டரை ஓட்டிக் கண்டுபிடித்துவிட்டார். எட்டே எழுத்து, சதுரங்கத்தில் ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிற ஆட்டம்! நாற்பது வருஷம் கட்டிக் காத்த ரகசியம் இன்றைய யந்திரத்துக்கு நாலு நாள் வேலை. நல்ல பாஸ்வேர்டுக்கே இந்தக் கதி என்றால், ஊர்ப் பெயரும் மாத எண்ணும் எத்தனை நொடி தாங்கும்? முப்பது நாள் கெடு யாரைக் காப்பாற்றப் போகிறது?

2003-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்ற அதிகாரி பாஸ்வேர்டு பற்றி ஓர் ஆலோசனைக் குறிப்பு எழுதினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்கவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும் என்று உலகெங்கும் காரியாலயங்கள் பிடித்துக்கொண்டதற்கு அந்தக் குறிப்பு பெரிய ஆதாரமாயிற்று. 2017-இல், ஓய்வு பெற்ற பிறகு, தாம் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாக அவரே பத்திரிகைக்குச் சொன்னார். தப்பை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு பெரிய மனது வேண்டும்.

இடையில் என்ன நடந்தது? 2010-இல் அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கட்டாயமாக மாற்ற வைத்த பழைய கணக்குகள், பத்தாயிரத்துக்கும் மேல். ஒருவருடைய முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினேழு கணக்குகளில் ஐந்தே ஊகங்களுக்குள் புதியது அகப்பட்டுவிட்டது! அமெரிக்காவில் படித்தவர்களும் தர்மபுரி அம்மாளைப் போலவே வாலைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மனித சுபாவத்துக்குச் சமுத்திரம் குறுக்கே நிற்குமா?

அதற்குப் பிறகு காற்று திசை மாறியது. அதே அமெரிக்க நிறுவனம் 2017-இல், காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்று எழுதியது. 2019-இல் மைக்ரோஸாப்டும் தன் சிபாரிசுப் பட்டியலிலிருந்து காலாவதிக் கெடுவை எடுத்துவிட்டது. 2025-இல் அமெரிக்க நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது என்றும், வெளியே கசிந்ததற்கு அடையாளம் தெரிந்தால் கட்டாயம் மாற்ற வைக்கவேண்டும் என்றும் விதித்தது. பாஸ்வேர்டு ஒன்றுதான் காவல் என்றால் அது குறைந்தது பதினைந்து எழுத்து நீளமாவது இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கார்டுப் பணம் கையாளுகிறவர்களின் விதிகளில், பாஸ்வேர்டு மட்டுமே காவலாக உள்ள இடங்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு ஒரு வழியாக இன்னும் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் சட்டம் அப்படி என்றால் நீங்கள் மட்டும் சண்டை போட முடியாது. மாற்றும்போது வாலை விட்டு முழுதாக மாற்றலாம், அவ்வளவுதான்.

இவ்வளவையும் அச்செடுத்துக்கொண்டு போய் எங்கள் பெண் மேலதிகாரியின் மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி அம்மா, முப்பது நாளை எடுத்துவிட்டால் பிறகு என்ன காவல்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

அவள் செய்த ஏற்பாடு இதுதான். வேலையில் இருக்கும் எல்லோருக்கும் முப்பது நாள் கெடுவை எடுத்தாள். பதிலுக்கு, பதினைந்து எழுத்துக்குக் குறையாத நீளம் கேட்டாள். பதினைந்து எழுத்தா என்று மலைத்தவர்களிடம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்துக்கொள்ளச் சொன்னாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்று கொடுத்து, 'சேஜ்' கட்டளையில் கடைசியாக மாற்றிய நாள் என்ற இடத்தில் பூஜ்யம் போடுகிறாள். முதல் தடவை உள்ளே வரும்போதே கம்ப்யூட்டர் அவர்களை மாற்ற வைத்துவிடும். அப்புறம் அது அவளுக்கே தெரியாது. யாருடைய பாஸ்வேர்டாவது போனில் சொல்லப்பட்டது, காலண்டரில் காணப்பட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே அதே பூஜ்யம். அது தண்டனையல்ல, பரிகாரம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். திட்டுவார்கள் என்று பயந்தால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

குறைந்தபட்ச ஏழு நாள் என்பதையும் எடுத்துவிட்டாள். ஏன் என்றால், நேற்று மாற்றிய பாஸ்வேர்டு இன்று கசிந்துவிட்டால், அந்த விதி இருக்கிற வரையில் அந்த அம்மாளால் தானே மாற்றிக்கொள்ள முடியாது. வீட்டுக்காரரைத் தேடி ஓடவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரியம் இனிமேல்தான். கெடு வைக்கவேண்டியது எதற்கு? குடித்தனத்துக்கு! ஒப்பந்த வேலைக்கு வருகிறவருக்கு ஒப்பந்தம் முடிகிற தேதியை முதல் நாளே 'ஈ' போட்டு எழுதிவிடுகிறாள். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசி நாள் மாலையே கணக்கு முடிவு. வெறுமனே பாஸ்வேர்டைப் பூட்டினால் போதாதாம். சிலருக்குப் பாஸ்வேர்டு இல்லாமல் வேறொரு மின்சாவியால் திறக்கிற கொல்லைப்புறக் கதவு ஒன்று இருக்கும். பாஸ்வேர்டுப் பூட்டு அதை அடைக்காது. கணக்குக்கே முடிவு தேதி போட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். அப்போதும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவரை அது எழுப்பி வெளியே அனுப்பாது. அதைத் தனியாகப் பார்த்துச் செய்யவேண்டும்.

பிப்ரவரியில் வேலையை விட்டுப் போனவனுடைய கணக்கு ஜூன் மாதத்திலும் உயிரோடு இருந்தது என்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தன் சாவியிலேயே நுழைந்திருக்கலாம். பழி தன்மேல் வரக்கூடாது என்றுதான் அந்த அம்மாளின் சாவியை எடுத்தான். இருக்கிறவர்களை மாதா மாதம் பூட்டு மாற்றச் சொன்னோம். போனவனிடம் சாவியைத் திருப்பி வாங்க மறந்துபோனோம்!

இன்னொரு விபத்தையும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்குகளைப் பிரதி எடுத்து வைக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் தானாகவே செய்கிறது. அதற்கும் ஒரு பெயர், ஒரு கணக்கு உண்டு. 'எல்லோருக்கும் முப்பது' என்று போட்டபோது அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள். முப்பதாம் நாள் கெடு முடிந்தது. நடுராத்திரியில் புதுப் பாஸ்வேர்டு வைக்க அங்கே ஆள் ஏது? பிரதி எடுப்பது நின்றுபோயிற்று. நல்ல வேளையாக மறுவாரமே கவனித்தாள். மனிதர் கணக்கு வேறு, யந்திரத்தின் கணக்கு வேறு என்று பிரித்து வைக்கவேண்டும் என்பது அன்று படித்த பாடம்.

சகோதரிகளே, நம் வீட்டில் யூனிக்ஸ் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாங்குக் கணக்கு இருக்கிறது, ஈமெயில் இருக்கிறது. ஆகவே ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன்.

மாதப் பெயர், வருஷம், குழந்தையின் பிறந்த நாள் இவற்றைப் பாஸ்வேர்டின் வாலில் கட்டாதீர்கள். தெரிந்தவர்கள்தான் முதலில் ஊகிப்பார்கள். நாலு சம்பந்தமில்லாத சொற்களாக நீளமாக வையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறாக வையுங்கள். ஞாபகம் இருக்காது என்றால் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவுக்குள் பூட்டி வைப்பதில் பெரிய தப்பில்லை. காலண்டரில் எழுதுவதுதான் தப்பு. எவ்வளவு வேண்டியவர் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொல்லிவிட நேர்ந்தால், அல்லது யாரோ பார்த்துவிட்டார்கள் என்று சந்தேகம் தட்டினால், அமாவாசை வரை காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முழுதாக மாற்றிவிடுங்கள்.

நான் ஊருக்குத் திரும்புகிற அன்று எங்கள் பெண் பஸ் ஏற்றிவிட வந்தாள். அதியமான்கோட்டைப் பக்கமாகப் போகிற பஸ். தகடூர் என்றுதான் தர்மபுரிக்குப் பழைய பெயர். தின்றவருக்கு நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைத் தானும் தின்னவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் பங்கு போடவும் இல்லை. யாருக்குக் கொடுத்தால் தகும் என்று பார்த்து ஔவைக்குக் கொடுத்தான்.

"உன் ஆபீஸில் நெல்லிக்கனி யாருக்கு?" என்று கேட்டேன்.

"நல்ல நீளமான பாஸ்வேர்டுக்குப் பெரியம்மா" என்று சிரித்தாள். "விட்டுப் போனவர் கணக்குக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது."

"அந்த அக்கா எப்படி இருக்கிறாள்?"

"நேற்று மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தார்கள். எனக்குத்தான் முதலில் போட்டார்கள்."

பஸ் புறப்பட்டுவிட்டது. மடியில் தங்கை கட்டிக் கொடுத்த மாம்பழக் கூடை கனத்தது. மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

அடுத்த வாரம் சந்திப்போம்.